இறங்கியவனைத் தேடிப் போனது

என் மகள் பிளேன் ஓட்டப் படித்தாள். லைசென்சும் வாங்கினாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் வீட்டில் இருந்தாள்.

காசிமேட்டில் எங்களுக்கு ஒரு மீன்பிடி லாஞ்சில் பாதிப் பங்கு இருந்தது. அது அந்தப் படிப்புக்குப் போனது. என் வீட்டுக்காரர் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. சொந்த லாஞ்சுக்கு டிரைவராக இருந்தவர் அடுத்தவர் லாஞ்சில் டிரைவராக ஏறினார். அவ்வளவுதான். நான் மார்க்கெட்டில் பலகை போட்டு மீன் விற்கிறவள். முன்பு எங்கள் மீனை விற்றேன். பிறகு ஏலத்தில் எடுத்து விற்றேன்.

பக்கத்துப் பலகை அக்கா தினம் கேட்பாள்.

"இன்னாமே, உன் பொண்ணு பறந்துச்சா?"

"இல்லக்கா."

"எங்க வூட்டுக் கோழியே சுவரு தாண்டிட்ச்சு."

சொல்லிவிட்டு அவளே டீயும் வாங்கித் தருவாள். கோபித்துக்கொள்ள முடியாது.

லைசென்ஸ் இருந்தால் வேலை வரும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அப்படி இல்லை. பெரிய கம்பெனிகள் பரீட்சை வைப்போம், காத்திருங்கள் என்றன. எப்போது என்று சொல்லவில்லை. லைசென்சைப் பெட்டியில் வைத்துவிட்டுச் சும்மா இருக்கவும் முடியாது. டாக்டரிடம் உடம்பைக் காட்ட வேண்டும். அப்பப்போ ஓட்டிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அது செத்துப்போகும்.

காலையில் நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, கையை அங்கும் இங்கும் கொண்டுபோவாள். வாய் முணுமுணுக்கும். முதல் தடவை பார்த்தபோது பயந்துபோனேன். எந்த சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கை மறந்துவிடாமல் இருக்கத்தான் அப்படிச் செய்கிறாளாம்.

அப்படி இருக்கும்போது சின்னக் கம்பெனி ஒன்று கூப்பிட்டது. சின்னச் சின்ன ஊர்களுக்குப் போகிற கம்பெனி. பெரிய பிளேன் இல்லை, காத்தாடி வைத்தது. எழுபது பேர் போல உட்காரலாம். மகள் என் பலகைக்கு எதிரே குந்திக்கொண்டு சொன்னாள்.

"இங்க ஒரு நாளைக்கே நாலு தபா ஏத்தி எறக்குவாங்கம்மா. சின்ன ஊரு, சின்ன ரன்வே. கை பழகும். மணி சேரும்."

"மணின்னா?"

"எத்தினி மணி நேரம் பறந்தோம்ன்ற கணக்கு. எங்களுக்கு அதான் எல்லாம். மணி இல்லாதவள எவனும் திரும்பிப் பாக்கமாட்டான்."

"எந்த ஊர்ல இருக்கணும்?"

"எங்க போடறாங்களோ அங்க. அஞ்சு வருஷம் இருப்பேன்னு எழுதிக் குடுக்கணும். அஞ்சு வருஷம் கம்பெனி இருக்குமான்னுதான் தெரியல."

இது மாதிரி சின்னக் கம்பெனிகள் வந்து மூடிப்போயிருக்கின்றன என்றாள். மூடினாலும் ஓட்டின மணி கையில் நிற்கும். பெரிய கம்பெனிக்காகக் காத்திருந்தால் ஒன்றும் நிற்காது. கை மறந்துபோகும். அதுதான் அவள் யோசனை.

பக்கத்து அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். "காத்தாடி நம்ம லாஞ்சுக்கும்தான் கீது. நாங்க அடியில வெச்சிகீறோம், நீங்க மேல வெச்சிகீறீங்க" என்றாள். மகள் சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. புது லாஞ்சில் ஏறுவதற்கு முன் அந்த லாஞ்சிலிருந்து இறங்கியவனைப் பிடித்துக் கேட்பார்கள். லாஞ்சைப் பார்த்து ஒன்றும் தெரியாது, பெயின்ட் அடித்திருக்கும். ஓனர் நல்லதைத்தான் சொல்வார். அதில் வேலை செய்துகொண்டிருக்கிறவன் வாயைத் திறக்க மாட்டான். இறங்கியவன்தான் சொல்வான். டீக்கடையில் எல்லோர் முன்னாலும் கேட்பார்கள். ஓனர் காதுக்குப் போனாலும் கோபம் வராது. கேட்காமல் ஏற வருகிறவன் மேல்தான் சந்தேகப்படுவார். இவனுக்கு வேறு எங்கேயும் இடம் கிடைக்கவில்லை போல என்று.

அது மீன்பிடித் தடைக்காலம். லாஞ்சுகள் எல்லாம் கரையில் நின்றன. வீட்டுக்காரர் வாசலில் வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். மகள் சொன்னதை முழுக்கக் கேட்டார். அவள் உள்ளே போன பிறகு என்னிடம் சொன்னார்.

"மூடட்டும். மூடிக்கினா வூட்டுக்கு வந்துடுவா. ஆனா மூடப்போற ஓனரு இஞ்சினுக்கு செலவு பண்ணமாட்டான்மே. அதான் பேஜாரு."

மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டார். எங்கே என்று நான் கேட்கவில்லை. கிளம்புகிற ஆம்பளையை எங்கள் வீட்டில் அப்படிக் கேட்பதில்லை. அவராகச் சொன்னார்.

"ஏர்ப்போர்ட்டுக்கு. எறங்குனவன் எவனாச்சும் கெடைப்பான்."

காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் நேராக ஏர்ப்போர்ட்தான். போனார். சாயங்காலம் வந்து கால் கழுவினார்.

"இன்னா ஆச்சு?"

"எல்லாம் பொட்டிய இழுத்துகினு ஓடுது. எவனும் நிக்கமாட்டேங்கறான். போலீசு ரெண்டு தபா தொரத்துனான்."

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். அன்றைக்கு வரும்போது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அந்தக் கம்பெனி சட்டை போட்ட பெண் ஒருத்தி நின்று பேசினாளாம்.

"உங்க கம்பெனிய வுட்டு யாருனா எறங்கிகீறாங்களாம்மான்னு கேட்டேன். நீங்க யாருன்னுச்சு. எம் பொண்ணு உங்க கம்பெனிக்கு பிளேன் ஓட்ட வரப்போவுதுன்னேன். பேரு இன்னான்னுச்சு. சொன்னேன்."

மகள் பெயரைச் சொன்னதை அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்கும் அதில் தப்பாக ஒன்றும் படவில்லை. அந்தப் பெண் வேறு எதுவும் சொல்லாமல் போய்விட்டாள். ஆனால் வெளியே கார் வைத்துக்கொண்டு நின்றவர், பைலட்டுகளை ஏற்றி இறக்குகிற டிரைவர், ஒரு ஆளைச் சொன்னார். அந்தக் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்து நின்றுவிட்ட பாய் பையன். நம்ம தண்டையார்பேட்டைதான்.

நானும் கூடப் போனேன். கோடவுன் சந்துக்குள் ஒரு ஷெட். குளிர்பெட்டி வைத்த கன்டெய்னருக்கு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். டீ சொன்னான்.

"பிளேனு பாத்த கையால ஐஸ் பொட்டி பாக்கறியேப்பா" என்றேன்.

"இது மேல எவனும் ஏறிப் பறக்கமாட்டான் ஆன்ட்டி. நிம்மதியா தூங்கறேன்" என்று சிரித்தான். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

"எத்தினி பிளேனு அவங்களுக்கு?"

"நான் இருந்தப்போ நாலு. பறந்தது மூணு."

"இன்னொண்ணு?"

"நின்னுகினு கீது. சாமான் வெளிநாட்ல இருந்து வரணும்ணே. வர்ற வரைக்கும் நிக்கிறதுல இருந்து கழட்டி ஓடறதுக்குப் போடுவோம்."

வீட்டுக்காரர் டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"தப்பில்லண்ணே. எல்லா கம்பெனியும் செய்றதுதான். கழட்ட ரூல் கீது, மாட்ட ரூல் கீது, பாத்து கையெழுத்துப் போட ஆளு கீது. நான் மாட்டுன எதுவும் பேஜார் பண்ணதில்ல."

"அப்பால ஏன் எறங்குன?"

"எங்கம்மாக்கு வாரத்துக்கு ரெண்டு தபா டயாலிசிஸ். என்னத் தூக்கி வடக்க போட்டாங்க. அம்மாவ யாரு இட்டுனு போறது? வுட்டுட்டேன்."

"உனக்குப் பொண்ணு இருந்தா அதுல ஏத்துவியா?"

பையன் கொஞ்ச நேரம் கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தான்.

"எம் பொண்ணு இப்பதான் நடக்குதுண்ணே" என்றான்.

திரும்பி நடந்தே வந்தோம். டோல்கேட் பக்கம் டிரெய்லர் லாரிகள் வரிசையாக நின்றன. அதன் இடுக்கில் நுழைந்து வரும்போது அவர் ஒரே ஒரு தடவை பேசினார்.

"எறங்குனவன் சொல்லணும். இவன் ஒண்ணும் சொல்லல."

நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. நின்றுகொண்டிருக்கிற பிளேன் மட்டும் எங்கள் இரண்டு பேர் மனதிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. மகளிடம் இப்போது சொல்லாதே என்றார். இன்னும் ஒரு ஆளைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றார்.

அதற்குள் மகளுக்குப் போன் வந்தது.

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவள் நின்றபடியே பேசினாள். இங்கிலீஷ். எனக்குப் புரியவில்லை. ஆனால் முதுகு மெல்ல மெல்ல விறைத்தது தெரிந்தது. வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள்.

"நைனா, ஏர்ப்போர்ட்டுக்குப் போனியா?"

"போனேன்."

"எம் பேர சொன்னியா?"

"கேட்டாங்க. சொன்னேன்."

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தப் பொண்ணு ஆபீஸ்ல சொல்லிகீது. கேப்டனுங்க வரைக்கும் போயிட்ச்சு. உங்கப்பா வாசல்ல நின்னு யாரு யாரு வேலைய வுட்டாங்கன்னு விசாரிக்கறாராமே, எங்க பிளேனு மேல நம்பிக்கை இல்லியான்னு கேக்கறாங்க. வூட்ல இஷ்டம் இல்லன்னா இப்பவே சொல்லு, ட்ரெயினிங் குடுத்தப்புறம் நின்னுட்டா எங்களுக்குக் கஷ்டம்ன்றாங்க. என் எடத்துக்கு ஆளு ரெடியா கீதாம்."

"கேட்டது தப்பா?"

"காசிமேட்ல தப்பில்ல."

"கேக்காம ஏறுறவன ஓனரே மதிக்கமாட்டான்."

"அது லாஞ்சு நைனா. எனக்கு மாப்ள பாத்தாக்கூட நீ இப்படிப் போய் வாசல்ல நிக்கமாட்டே."

"மாப்ள சரியில்லன்னா திரும்பி வந்துடலாம்" என்றார்.

பக்கத்து வீட்டில் மிக்சி ஓடி நின்றது. பிறகு அவர் தண்டையார்பேட்டையில் கேட்டதைச் சொன்னார். நிற்கிற பிளேனிலிருந்து கழற்றி ஓடுகிற பிளேனில் மாட்டுகிறார்கள் என்றார்.

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் போறேன்."

அவர் ஊசியை வலையில் குத்தி வைத்தார்.

"பக்கத்துல ஒரு கேப்டன் குந்திகினு இருப்பான். பெரிய ஆளு. நீ புதுசு. உனக்கு ஏதோ ஒண்ணு சரியில்லன்னு தோணுது. நான் வரலன்னு சொல்லுவியா?"

"சொல்லலாம். ரூல் கீது."

"ரூல் கீதான்னு கேக்கல. நீ சொல்லுவியா?"

அவள் வலையின் ஓரத்தை விரலில் சுற்றினாள்.

"தெரியல நைனா. அந்த எடத்துல நின்னாத்தான் தெரியும்."

சொல்லுவேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்குத் தூக்கம் வந்திருக்கும். அவள் பொய் சொல்லவில்லை. அவர் ஊசியைத் திரும்பக் கையில் எடுத்தார்.

மறுநாள் ஆபீசிலிருந்து அவரோடு பேசுவார்கள் என்றாள். "எங்களுக்கு முழு சம்மதம். இத மட்டும் சொல்லு நைனா. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். அவர் "ம்" என்றார்.

போன் வந்தபோது அவர் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மகள் போனை மேஜையில் வைத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி செய்தாள். ஒரு அம்மா பேசினார். நல்ல தமிழ், மரியாதையான பேச்சு.

"சார், உங்க பொண்ணு எங்க கம்பெனியில சேர்றதுல உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை இருக்கா?"

"பயமா கீது" என்றார்.

மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சார்?"

"பயமா கீதும்மா. வேணாம்னு சொல்லல. அவ படிச்சிகீறா, அவளுக்குத் தெரியும். நான் கடலுக்குப் போறவன். எங்க பக்கம் கேட்டுட்டுத்தான் ஏறுவோம். அதான் வந்து கேட்டேன். உங்களக் கொறை சொல்றதுக்குக் கேக்கல."

"அப்ப சம்மதம்னு எடுத்துக்கலாமா சார்?"

"எடுத்துக்கோங்க. பயமா கீதுன்னு சொன்னதையும் எடுத்துக்கோங்க."

மேலிடத்தில் சொல்கிறேன் சார் என்று அந்த அம்மா வைத்துவிட்டார்.

"ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன்" என்றாள் மகள். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். மத்தியானம் சாப்பிடவில்லை. இறால் தொக்கு செய்திருந்தேன். அதை அவரும் தொடவில்லை. நான் மட்டும் சாப்பிட்டேன். எனக்கு மார்க்கெட்டுக்குப் போகவேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு போன் வரவில்லை. அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. அவள் வேண்டியதை என்னிடம் சொல்வாள், நான் அவரிடம் சொல்வேன். அவர் சொல்வதும் என் வழியாகத்தான் போகும். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது. வேண்டாம் என்று அந்தக் கம்பெனியே சொல்லிவிடட்டும் என்று மீன் வெட்டும்போது நினைப்பேன். சொல்லிவிட்டால் இவள் மறுபடி அந்த நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக் கையை அசைப்பாளே என்று அடுத்த மீனை எடுக்கும்போது நினைப்பேன். ஒரு நாள் கத்தி விரலில் இறங்கியது. பக்கத்து அக்கா மஞ்சளை வைத்துக் கட்டினாள். அன்றைக்கு அவள் கிண்டல் செய்யவில்லை.

தடைக்காலம் முடிந்து லாஞ்சுகள் கிளம்பின. அவரும் போனார். ஆழத்துக்குப் போனால் போன் எடுக்காது. திரும்பி வர ஒரு வாரமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும்.

அவர் கடலில் இருக்கும்போதுதான் கம்பெனி கூப்பிட்டது. மகள் பலகைக்கு வந்து நின்றாள்.

"வரச் சொல்லிட்டாங்கம்மா. வெள்ளிக்கிழமை அங்க இருக்கணும்."

"நைனா வந்துடட்டுமே."

"தேதி அவங்க குடுத்தது."

அவரைத் தொடர்புகொள்ளப் பார்த்தோம். ஓனரிடம் சொல்லி வயர்லெஸ்ஸில் கூப்பிடலாமா என்று நான் கேட்டேன். வேண்டாம் என்றாள். நல்ல சேதியாக இருந்தாலும், வயர்லெஸ்ஸில் வீட்டிலிருந்து கூப்பிட்டால் கடலில் இருக்கிறவன் சாவுச் சேதி என்றுதான் நினைப்பான். அது அவளுக்கும் தெரியும். நான்தான் ஏர்ப்போர்ட் வரைக்கும் போய் விட்டுவிட்டு வந்தேன். உள்ளே போகும்போது அவள் என் காலில் விழவில்லை, அழவும் இல்லை. என் கையிலிருந்த கட்டைப் பார்த்து, "இத மாத்திக் கட்டும்மா, கலீஜா கீது" என்றாள். போய்விட்டாள்.

லாஞ்சு கரைக்கு வந்த அன்று நான் துறைமுகத்துக்குப் போனேன். மீனை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"போய்ட்டா" என்றேன்.

"எப்ப?"

"வியாழக்கெழம."

"சொல்லிட்டுப் போனாளா?"

"நைனாகிட்ட சொல்லுன்னா."

"இன்னான்னு?"

"அவ்ளோதான். நைனாகிட்ட சொல்லுன்னா."

அவர் தலையை ஆட்டினார். அடுத்த கூடையைத் தூக்கினார்.

இப்போது அவள் கேப்டனுக்கு வலது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஓட்டுகிறாள். தோளில் கோடு போட்ட சட்டை. படம் அனுப்பினாள். அப்பாவும் மகளும் இப்போது போனில் பேசிக்கொள்கிறார்கள், பிளேனைத் தவிர மற்ற எல்லாவற்றையும். எந்த ஊரில் எந்த மீன் என்ன விலை என்று அவர் கேட்பார். மலை ஊரில் இருக்கிறவளிடம் மீன் விலையைக் கேட்கிறாயே என்று அவள் சிரிப்பாள்.

போன வாரம் மத்தியானத்தில் எனக்குப் போன் செய்தாள். அந்த நேரத்தில் செய்ய மாட்டாள். நான் பலகையை விட்டு ஓரமாக வந்தேன்.

"எறங்கிட்டியா?"

"எறங்கிட்டேன்மா. சோக்கா எறங்குனோம்."

"குரலு ஏன் ஒரு மாதிரி கீது?"

சொன்னாள். கிளம்புவதற்கு முன் பிளேனில் ஒரு எச்சரிக்கை விளக்கு எரிந்து அணைந்ததாம். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, கிளம்பலாம் என்றாராம். இவள் இன்னொரு தடவை பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறாள். பார்த்தாச்சு, ரூல்படி போகலாம் என்றாராம் கேப்டன். போனார்கள். ஒன்றும் ஆகவில்லை.

"வரலன்னு சொல்லலியா?"

"கேட்டேன்மா. வரலன்னு சொல்லல."

"ஏன்?"

"அவரு சொன்னது சரிதாம்மா. ரூல் அப்படித்தான். ஆனா இன்னும் அந்த வெளக்கே கண்ணுல நிக்குது. அதான் உனக்குப் போன் பண்ணேன்."

தண்ணி குடி என்றேன். குடித்தேன் என்றாள்.

"நைனாகிட்ட சொல்லட்டா?"

"வேணாம்மா."

சாயங்காலம் அவர் வந்து கேட்டார். மகள் போன் செய்ததைப் பக்கத்து அக்கா சொல்லியிருக்கிறாள்.

"இன்னா சொன்னா?"

"சாப்ட்டாளாம்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கை கழுவப் போனார். நான் சோற்றைப் போட்டு வைத்தேன்.